கொழுந்து மலைக்கும் கோப்பைக்கும் நடுவே

(ஹட்டனில், தோட்டத் தொழிற்சாலைகளிலும் வெளிக்களத்திலும் பணியாற்றும் இளம் உத்தியோகத்தர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பொருள் வடிவமைப்பில் கருத்துப் பரிமாற்றம் என்பது எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. அதைக் கேட்டதும் மனம் காருக்கும் கைத்தொலைபேசிக்கும் ஓடும். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. இந்த மண்டபத்து ஜன்னலைத் திறந்தால் தெரியும் தேயிலை மலையே எனக்குப் போதும். தேயிலையும் ஒருவர் எண்ணி, ஒருவர் அளந்து, ஒருவர் மாற்றிச் செய்கிற பொருள்தான். அது மரத்திலிருந்து அப்படியே கோப்பைக்குள் விழுவதில்லை.

நாலரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து சேர்ந்தால் ஒரு கிலோ தேயிலை. அந்தக் கொழுந்து ஸ்டோர் என்று நாம் சொல்லும் தொழிற்சாலைக்கு வந்து, வாடி, உருளையில் நசுங்கி, காற்றுப் பட்டுச் சிவந்து, சூட்டில் காய்ந்து, சல்லடையில் பிரிவதற்குள் எத்தனையோ முடிவுகள் எடுக்கப்படுகின்றன. எத்தனை மணி நேரம் வாட்டுவது, எத்தனை உருட்டு, எந்த நிமிடத்தில் அடுப்புக்கு அனுப்புவது என்று ஒவ்வொன்றையும் ஒருவர் தீர்மானிக்கிறார். ஒரே கொழுந்து பி.ஓ.பி. ஆகலாம், பி.ஓ.பி.எஃப். ஆகலாம், பெக்கோ ஆகலாம். நுவரெலியாவில் 6,000 அடிக்கு மேலே குளிரில் வளர்ந்த கொழுந்தை அதிகம் சிவக்க விடாமல் காய வைத்தால்தான் அந்த வெளிர்ந்த சாயமும் பூ மணமும் நிற்கும். நம்முடைய மேற்குச் சரிவில் ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட குளிர் அடிக்கும்போது ஒரு கணக்கு; ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை காற்று வீசும்போது வேறொரு கணக்கு. இதையெல்லாம் தீர்மானிப்பவர் எதை வைத்துத் தீர்மானிக்கிறார்? யாரோ ஒருவர் அவருக்குச் சொன்னதை வைத்துத்தான். வாங்குபவன் என்ன கேட்கிறான், கொழுந்து எப்படி வந்திருக்கிறது, நேற்றைய தேயிலை எப்படி இருந்தது என்ற செய்தி அவர் காதுக்கு வந்திருக்க வேண்டும். செய்தி வரவில்லையென்றால் அவர் இருட்டில் வேலை செய்கிறார்.

இன்றைக்கு நான் பேச வந்தது இந்தச் செய்தி ஓடுகிற பாதையைப் பற்றி. நம் மலைநாட்டில் செய்தி மேலிருந்து கீழே கட்டளையாக இறங்குகிறது. கீழிருந்து மேலே ஏறுவதில்லை. நம் தேயிலையின் பல குறைகளுக்கும், நாம் கையில் பிடிக்கும் கருவிகளின் குறைகளுக்கும், நாம் குடியிருக்கும் காம்பராக்களின் குறைகளுக்கும் இதுவே வேர் என்பது என் முடிவு.

முதலில் கொஞ்சம் சரித்திரம். ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டு வருடத்தில் கோப்பியில் துரு நோய் தோன்றியது. கோப்பி சரிந்து தேயிலை எழுந்த கதை உங்களுக்குத் தெரியும். டெய்லரின் முதல் ஸ்டோர் அவருடைய பங்களா விறாந்தைதான். மேசை மேல் கொழுந்தைப் பரப்பி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அழுத்தி, கையாலேயே உருட்டினார்கள். களிமண் அடுப்பில் கரி போட்டு, கம்பித் தட்டில் காய வைத்தார்கள். பறித்த ஆளும் உருட்டிய ஆளும் சாயத்தைச் சுவைத்துப் பார்த்த ஆளும் சில அடி தூரத்துக்குள் நின்ற காலம் அது. கசப்பு ஏறிவிட்டது என்றால் அன்றைக்கே யாரைக் கேட்க வேண்டுமோ அவரைக் கேட்கலாம். 1872 இல் அவரே ஓர் உருட்டு இயந்திரத்தை அமைத்தார். மறு வருடம் 23 இறாத்தல் தேயிலை லண்டனுக்குப் போனது. அந்த மேசையில் உருட்டிய நம் முன்னோரின் பெயர்கள் பள்ளிப் பாடத்தில் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே சமத்துவம் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. தூரம் குறைவாக இருந்தது, ஆகவே செய்தி சீக்கிரம் போய்ச் சேர்ந்தது. அவ்வளவுதான்.

இன்னும் மூன்று பேரைச் சொல்ல வேண்டும். பெல்பாஸ்டைச் சேர்ந்த சாமுவேல் டேவிட்சன் 1864 இல் இந்தியாவின் கச்சார் பகுதித் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். கரி அடுப்பில் தேயிலை காய வைக்கும் பாட்டைத் தன் கண்ணால் பார்த்தவர். அதனால்தான் அவர் செய்த சிரொக்கோ என்ற சூட்டுக் காற்று இயந்திரம் உலகத்துத் தேயிலை ஸ்டோர்களுக்குள் எல்லாம் நுழைந்தது. உருளை இயந்திரத்துக்குப் பெயர் வாங்கிய வில்லியம் ஜாக்சனும் அசாம் தோட்டத்தில் இருந்தவர். கொழுந்தை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. இயந்திரத்தை 1930 வாக்கில் உருவாக்கிய வில்லியம் மெக்கர்ச்சர் அசாமின் அம்கூரி தோட்டத்து நிர்வாகி. மூவருமே தாங்கள் நின்ற இடத்தின் தொல்லைக்கு இயந்திரம் செய்தார்கள். செய்பவரும் பயன்படுத்துபவரும் ஒரே ஆளாக இருந்ததால் நடுவில் எந்தச் செய்தியும் தொலையவில்லை.

ஆனால் அவர்கள் நின்ற இடம் ஸ்டோர். தலையில் கயிறு மாட்டி, முதுகில் கூடை தொங்க, இடுப்பில் படங்கு கட்டி, வழுக்கும் சரிவில் எட்டு மணி நேரம் அவர்களில் ஒருவரும் நின்றதில்லை. அதனால் என்ன ஆயிற்று என்று பாருங்கள். இந்த நூற்றைம்பது வருடத்தில் ஸ்டோருக்குள் எல்லாம் மாறிவிட்டது. சாக்குத் தட்டில் வாடிய கொழுந்து இன்று மின்விசிறி வைத்த தொட்டியில் வாடுகிறது. கரி அடுப்பு போயிற்று, தராசு மின்னணுத் தராசு ஆயிற்று. மலையில் மட்டும், பிரம்புக் கூடை போய்ப் பை வந்ததைத் தவிர, மாறியது மிகவும் குறைவு. கொழுந்து எடுக்கும் பெண்ணிடம் பென்சிலைக் கொடுத்து, “உனக்கு எப்படி வேண்டும், வரைந்து காட்டு” என்று கேட்டவர் இல்லை.

இப்போது கொழும்புக்கு வருவோம். 1883 ஜூலை 30 ஆம் திகதி சொமர்வில் கம்பனியின் அலுவலகத்தில் கொழும்பின் முதலாவது தேயிலை ஏலம் நடந்தது. இன்று வாரா வாரம் ஏலம். 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கு வந்தபோது, கூவி விற்ற ஏலம் ஒரேயடியாகக் கணினித் திரைக்கு மாறியது. நூற்று முப்பத்தேழு வருடப் பழக்கத்தைச் சில நாட்களில் மாற்ற முடிந்திருக்கிறது. மாற்ற வேண்டும் என்று வந்துவிட்டால் இந்தத் தொழிலால் முடியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஏலத்துக்கு முன் தரகர் ஒவ்வொரு தோட்டத்து மாதிரியையும் சுவைத்துப் பார்க்கிறார். நூறு மில்லிலீட்டர் கொதிநீருக்கு இரண்டு கிராம் தேயிலை, ஆறு நிமிடம் என்பது ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேச அளவு. காய்ந்த இலையின் நிறம், ஊறிய சக்கையின் நிறம், சாயத்தின் தெளிவு, நாக்கில் அது காட்டும் உயிர்ப்பு என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். சக்கை கறுத்திருக்கிறது, சூடு மிஞ்சிவிட்டது, புகை நாறுகிறது, தண்டும் நாரும் அதிகம், முற்றிய இலை கலந்திருக்கிறது என்று எழுதி, என்ன விலை போகும் என்ற மதிப்பீட்டோடு தோட்டத்துக்கு அனுப்புகிறார்கள். உண்மையில் மிகச் சிறந்த ஏற்பாடு. தான் செய்த பொருளைப் பற்றித் தேர்ந்த ஒருவரின் தீர்ப்பு வாரம் தவறாமல் கைக்கு வருகிறது என்றால் எந்தத் தொழிலுக்கும் அது பாக்கியம்.

அந்த அறிக்கை எங்கே போகிறது? ஆங்கிலத்தில் வருகிறது. பெரிய துரையின் மேசைக்குப் போகிறது. அவர் டீமேக்கரைக் கூப்பிடுகிறார். டீமேக்கர், “எனக்கு வந்த கொழுந்து அப்படி” என்கிறார். வெளிக்கள உத்தியோகத்தரைக் கூப்பிடுகிறார். அவர் கணக்கப்பிள்ளையைப் பிடிக்கிறார், கணக்கப்பிள்ளை கங்காணியைப் பிடிக்கிறார். கொழும்பில் நாலு வரியாக, காரணத்தோடு எழுதப்பட்ட செய்தி மலைக்கு வந்து சேரும்போது என்னவாகிறது தெரியுமா? “ஒழுங்காக் கொழுந்து எடுங்க, இல்லாட்டிப் பேர் போட மாட்டேன்!” என்ற ஒரே சத்தமாகிவிடுகிறது. என்ன குறை, எந்த மலையில் எடுத்த கொழுந்து, எந்த நாள், அதனால் விலை எவ்வளவு குறைந்தது, எதுவுமே அந்தச் சத்தத்தில் இல்லை. கொழுந்து எடுக்கும் பெண் தலையை ஆட்டிவிட்டு நிரைக்குத் திரும்புகிறாள். அடுத்த வாரமும் அதே குறை வருகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நாம் அவளிடம் வாயால் ஒன்று சொல்கிறோம், சம்பளத்தால் இன்னொன்று சொல்கிறோம். வாய் சொல்வது இரட்டை இலையும் மொட்டும். முற்றினதை எடுக்காதே, வளர்ச்சி நின்ற வங்கி மொட்டைக் கிள்ளி எறி, மட்டக் கம்பு வைத்து மட்டம் பார். சம்பளம் சொல்வது கிலோ. பல தோட்டங்களில் 18 கிலோ எடுத்தால்தான் முழுநாள் சம்பளமான முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். 2021 மார்ச்சில் நாள் சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்தது. அதற்குப் பிறகு எத்தனை கிலோ கேட்பது என்ற தகராறுதான் பல தோட்டங்களில் நடந்தது. கொழுந்து குறைந்த மாதத்தில் பின்னேரம் நாலு மணிக்குக் கூடையில் பதினைந்து கிலோதான் இருக்கிறது என்றால், வீட்டில் பிள்ளைகளுக்கு அரிசி வாங்க வேண்டிய ஒரு தாய் எந்தச் சொல்லைக் கேட்பாள்? வாய்ச் சொல்லையா, சம்பளச் சொல்லையா? அவள் கை முற்றிய இலைக்கும் போகிறது. அவள்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் உரக்கச் சொன்ன செய்தியை அவள் சரியாகவே கேட்டிருக்கிறாள்.

இங்கே உட்கார்ந்திருக்கும் இளம் உத்தியோகத்தர்கள் இதை ஒருமுறை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். சம்பள முறை, தராசு, அரைப் பேர் விதி எல்லாமே செய்தி சொல்லும் கருவிகள். நல்ல கொழுந்துக்கு ஒரு சதமும் கூடுதலாக இல்லை, கனத்துக்கு மட்டுமே காசு என்று விதி வைத்துவிட்டு, நல்ல கொழுந்து வேண்டும் என்று காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் எத்தனை தரம் பேசினாலும் பலனில்லை. தேயிலைச் சபை, ஸ்டோருக்கு வரும் கொழுந்தில் நூற்றுக்கு அறுபது பங்காவது நல்ல கொழுந்தாக இருக்க வேண்டும் என்று ஒரு திட்டத்தை முன்னெடுத்தது. நல்ல எண்ணம்தான். அந்த அறுபதை எண்ணும் மேசை ஸ்டோரில் இருக்கிறது. அந்த எண்ணிக்கை அன்று பின்னேரமே கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அவளுக்குச் சொல்லப்பட்டால்தான் அது அவள் விரலுக்குப் போய்ச் சேரும்.

அவளுக்குத் தெரிந்து நமக்குத் தெரியாத விஷயங்களும் நிறைய. ஏழு நாளுக்கு ஒரு முறை சுற்றிவர வேண்டிய மலை பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் எடுக்கப்பட்டது என்றால் கொழுந்து முற்றித்தான் இருக்கும். யார் எடுத்தாலும் முற்றியதுதான் கூடைக்குள் விழும். ஏன் நாள் தள்ளிப் போனது? ஆள் குறைவு. இளம் பெண்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். அல்லது ஏழாம் நம்பர் மலையில் குளவிக் கூடு. போன மாதம் கொட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பக்கம் போக எல்லோருக்கும் பயம். அல்லது மழையில் பாதை சரிந்து, சுமையோடு சுற்றிவர வேண்டியிருக்கிறது. அல்லது கவ்வாத்து வெட்டின மலையில் மட்டம் சரியாக எழவில்லை. தரகர் கோப்பையில் கண்ட குறைக்குக் காரணம் இத்தனையில் ஒன்று. கொழும்பில் இருப்பவருக்கு அது தெரியாது. டீமேக்கருக்கும் தெரியாது. நிரையில் நிற்கும் பத்துப் பெண்களுக்கும் துல்லியமாகத் தெரியும். அவர்களிடம் கேட்பதற்கு ஓர் ஏற்பாடு இல்லை என்பதால் அந்த அறிவு நிரையிலேயே தங்கிவிடுகிறது.

சந்தையின் சொல்லைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் பிழைத்ததற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. மத்திய கிழக்கில் குடிப்பவர்களுக்கு நல்ல கறுத்த, முறுக்கான, நீண்ட இலைத் தேயிலை பிடிக்கும். தெற்கே தாழ்நிலத்து ஸ்டோர்கள் அதைக் கேட்டுத் தங்கள் செய்முறையையே அதற்கேற்ப மாற்றிக்கொண்டன. சிறுதோட்டக்காரர் கொழுந்து கொடுக்கும் ஸ்டோர்கள் அவை. இன்று நாட்டின் தேயிலையில் பாதிக்கும் மேலே தாழ்நிலத் தேயிலை. அவர்கள் மண்ணும் வெயிலும் வேறு, நாம் அப்படியே பின்பற்ற முடியாது. ஆனாலும் வாங்குபவனுக்கும் செய்பவனுக்கும் நடுவே அங்கே பாதை குறுகலாக இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கேட்காமல் செய்ததற்கும் உதாரணம் உண்டு. 2015 இல் கிளைபோசேட் களைநாசினி தடை செய்யப்பட்டது. களை நிற்குமா? பல தோட்டங்கள் வேறு மருந்துகளுக்குப் போயின. அவற்றில் ஒன்று எம்.சி.பி.ஏ. ஜப்பான் தன் நாட்டுக்கு வரும் தேயிலையில் அந்த மருந்தின் எச்சம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று வைத்திருந்தது. 2018 இல் நம் தேயிலை அங்கே மாட்டிக்கொண்டது. அந்த வருடமே தேயிலைக்கும் ரப்பருக்கும் கிளைபோசேட் தடை நீக்கப்பட்டது. தோக்கியோவில் எழுதப்பட்ட ஓர் எண், மலையில் முதுகில் தாங்கியைச் சுமந்து மருந்தடிப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய எண். 2021 மே மாதம் இரசாயன உரம் ஒரே வர்த்தமானியில் நிறுத்தப்பட்டதை நான் விரித்துப் பேசப் போவதில்லை. காயம் இன்னும் ஆறவில்லை. அந்த நவம்பரிலேயே முடிவு பின்வாங்கப்பட்டது. 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை 2022 இல் 25 கோடி கிலோவாக விழுந்தது. 1925 இல் தொடங்கி, இன்று தலவாக்கலையில் இயங்கும் ஒரு தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிற நாடு இது. கேட்பதற்கு ஆள் இல்லாமல் இல்லை.

கருவிக்கு வருகிறேன். ஆட்பற்றாக்குறையால் கொழுந்து வெட்டும் கத்தரியும் கைப்பொறியும் நம் மலைகளுக்கு வருகின்றன. வரட்டும், நான் எதிரி இல்லை. ஆனால் கத்தரி எங்கே பிறந்தது என்று பாருங்கள். ஜப்பானில் நூறு வருடத்துக்கு முன்பே கைக்கத்தரியால் கொழுந்து வெட்டத் தொடங்கிவிட்டார்கள். பிறகு இரண்டு பேர் இருபுறமும் பிடித்து நடக்கும் இயந்திரம் வந்தது. அங்கே செடியை நட்ட நிரை, செடியின் தலையை வளைவாக வெட்டிய விதம், நடக்கும் இடைவெளி, இயந்திரத்தின் அகலம் எல்லாம் ஒன்றையொன்று பார்த்து, பல வருடமாகச் சேர்ந்து வளர்ந்தவை. செடி வளர்ப்பவரும் இயந்திரம் செய்பவரும் பேசிக்கொண்டார்கள். நம் மலையில் அந்த இயந்திரத்தை மட்டும் கொண்டுவந்து இறக்குகிறோம். வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலை. ஒரு செடி உயரம், ஒரு செடி கட்டை. நிற்கவே கால் தேட வேண்டிய சரிவு. கல்லும் கானும் நடுவே. கத்தரி நல்லதையும் முற்றியதையும் பிரித்துப் பார்க்காது, விரல் பார்க்கும். தலவாக்கலை நிலையம் கொழுந்தைத் தெரிந்து வெட்டும் விதமாகக் கத்தரியை மாற்றியமைக்கும் வேலையில் இறங்கியது சரியான திசை. அந்த வேலையில் கொழுந்து எடுக்கும் பெண்ணின் பங்கு கடைசியில் கருவியைச் சோதித்துப் பார்ப்பது மட்டுமாக இருக்கக்கூடாது. முதல் நாளிலேயே அவள் மேசையில் இருக்க வேண்டும்.

அவளிடம் கேட்டால் என்ன சொல்வாள்? கத்தரியின் கனம் காலையில் தெரியாது, பதினொரு மணிக்குத் தோளில் தெரியும் என்பாள். மழையில் பிடி வழுக்குகிறது என்பாள். இடக்கைக்காரிக்கு எந்தக் கத்தரி என்று கேட்பாள். பை நிறைந்ததும் சரிவில் பின்னுக்கு இழுக்கிறது, அடியில் அமுங்கின கொழுந்து சூடேறிச் சிவந்துவிடுகிறது, பையின் அடிப்பக்கம் காற்றோட்டமாக இருந்தால் நல்லது என்பாள். அட்டைக்கும் குளவிக்கும் சேர்த்து ஓர் உடுப்பு தைக்க முடியாதா என்பாள். மின்னணுத் தராசின் எண் கணக்கப்பிள்ளையின் பக்கம் மட்டும் தெரிகிறதே, என் பக்கம் ஏன் தெரியக்கூடாது என்று கட்டாயம் கேட்பாள். நிறுவையில் நேர்ந்த அநியாயங்களைப் பற்றி மலையகத்து நாட்டார் பாடல்களில் எவ்வளவு இருக்கிறது என்பதை சி.வி. வேலுப்பிள்ளை திரட்டித் தந்த தொகுப்பைப் படித்தவர்கள் அறிவார்கள். நூறு வருடத்துக்கு முன்பே நம் பெண்கள் தராசைப் பற்றிய விமர்சனத்தைப் பாட்டாகச் சொல்லிவிட்டார்கள். தராசு செய்தவர் காதுக்கு அது போகவில்லை.

இது தராசுக்கு மட்டும் நேர்ந்த கதை அல்ல. அமெரிக்கக் கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968 இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு நிறுவனம் எந்தப் பொருளை வடிவமைத்தாலும், அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் அச்சு அந்தப் பொருளில் விழுந்துவிடும் என்பது அதன் சாரம். கணினிக்கு எழுதிய விதி; எனக்கு அதைப் படித்தபோது நாம் குடியிருக்கும் லயம்தான் நினைவுக்கு வந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, பின்னோடு பின் ஒட்டி இன்னொரு வரிசை. ஆளை எண்ணுவதற்கு வசதியான கட்டடம். குடியிருக்கப் போகிறவரோடு பேசாத நிர்வாகம் ஒரு வீட்டைக் கட்டினால் அது எப்படி இருக்குமோ அப்படியே இருக்கிறது. அடுப்புப் புகை எங்கே போகும், பிள்ளை எங்கே படிக்கும், வயசுக்கு வந்த பெண் எங்கே உடுப்பு மாற்றும் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தச் சுவர் அங்கே எழுந்திருக்காது.

அண்மை வருடங்களில் ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடித் தனி வீடுகள் வந்திருக்கின்றன. இந்திய அரசின் உதவியில் 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 என்று அறிவித்தார். லயத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனாலும் குடிவந்த கொஞ்ச நாளில் பின்பக்கம் தகரம் போட்டு விறகடுப்புக்குத் தனிக் கூரை இறக்கிக்கொண்ட வீடுகளைப் பல இடங்களில் பார்க்கிறோம். அந்தத் தகரக் கூரை அந்த வீட்டுப் பெண் வரைபடத்தில் செய்த திருத்தம். அத்திருத்தத்தைக் கட்டுவதற்கு முன்பே கேட்டிருந்தால் செலவும் குறைந்திருக்கும், வீடும் அழகாக இருந்திருக்கும்.

“கேட்டால் மட்டும் பேசிவிடுவார்களா?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி, இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மலையில் எடுப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். மேற்பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கங்காணி முன்னால் குறை சொன்னால் மறுநாள் கல்லும் முள்ளும் உள்ள நிரை கிடைக்கும் என்ற பயம் வீணான பயம் அல்ல. “சுற்று நாள் பிந்தியதால்தான் கொழுந்து முற்றியது” என்று உண்மை சொன்னவளுக்கு அரைப் பேர் விழுந்தால், அதோடு அந்த மலையில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் தோட்டத்துக்குள் போவதற்குப் புடைவை வியாபாரி வேடம் போட வேண்டியிருந்தது. வெளியாள் வந்து தொழிலாளியோடு பேசுவதே குற்றமாக இருந்த காலம். அவரும் அவர் மனைவி மீனாட்சியம்மையும் பாட்டாலும் பேச்சாலும் லயத்தின் வாயைத் திறந்தார்கள். அந்த வேலி இன்று இல்லை. ஆனால் பயத்தின் வேலி பல இடங்களில் அப்படியே நிற்கிறது. ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலையில் குறை கண்ட எந்தத் தொழிலாளியும் இழுத்து வேலையை நிறுத்தச் சொல்ல ஒரு கயிற்றை வைத்தார்கள். அந்தக் கயிறு வேலை செய்ததற்குக் காரணம் இழுத்தவரைத் தண்டிக்காததுதான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இப்போது தோட்டங்களில் வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. காலை ஆறு மணிக்கே பெரட்டுக் கணக்கு, பத்து மணிக்குக் கொழுந்துப் படம், பின்னேரம் கிலோ. மேலே போவது எண்கள், கீழே வருவது கட்டளைகள். வேகம் கூடியிருக்கிறது, பாதை அதேதான். காரணம் கேட்டு ஒரு கேள்வி கீழே இறங்கவில்லை, காரணம் சொல்லி ஒரு பதில் மேலே ஏறவில்லை.

ஆகவே இங்கே வந்திருக்கும் உத்தியோகத்தர்களிடம் சில வேண்டுகோள்கள். பெரிய திட்டமோ பெரிய பணமோ இதற்கு வேண்டியதில்லை.

தரகர் அறிக்கை வந்ததும் அதிலுள்ள நாலு வரியை நல்ல தமிழில், எந்த மலைக் கொழுந்து, எந்த நாள் என்ற விவரத்தோடு எழுதி மடுவத்துச் சுவரில் ஒட்டுங்கள். வாசிக்கத் தெரியாத மூத்தவர்களுக்கு நிறுவைக்கு முன் வாசித்துக் காட்டுங்கள். விலையையும் சொல்லுங்கள். மறைப்பதால் யாருக்கும் இலாபம் இல்லை. மாதத்தில் ஒரு நாள் அவர்களை ஸ்டோருக்குக் கூப்பிட்டு, நல்ல கொழுந்தில் செய்ததையும் முற்றியதில் செய்ததையும் இரண்டு கோப்பையில் ஊற்றிக் குடிக்கக் கொடுங்கள். தங்கள் கையால் எடுத்த கொழுந்து எந்தத் தேத்தண்ணியாகிறது என்று சுவைத்துப் பார்க்காமலே வேலையிலிருந்து ஓய்வு பெறும் பெண்கள் இந்த மலையில் இருக்கிறார்கள். அது நமக்குப் பெருமை தரும் விஷயம் அல்ல.

புதிய கத்தரி, புதிய பை, புதிய உடுப்பு எது வந்தாலும், நூறு வாங்குவதற்கு முன் மூன்று வாங்குங்கள். இருபது வயதுப் பெண், நாற்பது வயதுப் பெண், ஐம்பது தாண்டிய பெண் என்று மூவரிடம் ஒரு வாரம் கொடுங்கள். அந்த வாரம் அவர்களுக்குக் கிலோக் கணக்கு வேண்டாம், முழுப் பேர் போடுங்கள். பிறகு அவர்களோடு உட்கார்ந்து கேளுங்கள். கேட்பவர் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. சொன்னதில் எதைச் செய்தீர்கள், எதைச் செய்ய முடியவில்லை, ஏன் என்பதை அவர்களிடம் திரும்பச் சொல்லுங்கள். திரும்பச் சொல்லாவிட்டால் இரண்டாவது தடவை ஒருவரும் பேச மாட்டார்கள்.

கம்பனி நிர்வாகத்தில் இருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்கு ஒன்று. கனத்துக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கைத் தரத்துக்கு மாற்றுங்கள். அன்றன்றைய கொழுந்துத் தரத்தை அன்றே மடுவத்தில் சொல்லி, அதற்கு அன்றே கணக்கு வையுங்கள். அப்போதுதான் வாயும் சம்பளமும் ஒரே செய்தியைச் சொல்லும்.

பின்வரிசையில் இருக்கும் தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கொழுந்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை இந்தப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். இவர்களில் பலர் உங்கள் லயத்தில் வளர்ந்தவர்கள், உங்கள் பிள்ளைகள். கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போதே ஆரம்பிக்கலாம். குளவிக் கூடு எந்த மலையில் இருக்கிறது என்று இன்றைக்கே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.